தம்பி உளராக வேண்டும்

தம்பி,

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பேராவூரணிப் பக்கம் ஊர். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில் காய்ப்பில் இருந்த தென்னைகள் எல்லாம் வேரோடு சாய்ந்தன. மறுபடி வைத்த கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன. இடையில் வாங்கிய கடன் மரத்தைவிட வேகமாக வளர்ந்துவிட்டது. நாள் தவறாமல் கோயிலுக்குப் போகிறீர்கள். அப்படியிருந்தும் சில மாதங்களாகச் செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறது, அதுவும் விடியற்காலையில். "அக்கா, இது பாவமா? என் பக்தியில் குறையா? சாமியைப் பிடித்துக்கொண்டே இதிலிருந்து வெளியே வர முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதைப் படிக்கிற இந்த நேரத்திலேயே அந்த எண்ணம் நெருக்கிக்கொண்டிருந்தால் மேலே படிக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள். "எனக்குச் சாக வேண்டும் போல இருக்கிறது, என்னைத் தனியாக விடாதே" என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். எழுப்ப ஆள் இல்லையென்றால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்று பெயர். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசுச் சேவை. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. தமிழக அரசின் 104 எண்ணிலும் பேசலாம். ஆபத்து கைமீறுவது போல இருந்தால் 108. பதில் எங்கும் போய்விடாது, பிறகு வந்து படித்துக்கொள்ளலாம்.

நான் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் ஆற்றுப்படுத்துநராக இருந்து ஓய்வு பெற்றவள். காலையில் குளித்துத் திருநீறு இட்டுக்கொண்டு வேலைக்குப் போனவள். அங்கே சில டாக்டர்களுக்கு என் நெற்றி உறுத்தும். வீட்டில் சில உறவினர்களுக்கு என் வேலை உறுத்தும். இரண்டு பக்கத்துப் பேச்சையும் கேட்டுக் காது பழகியவள் என்ற முறையில் சொல்கிறேன்.

பாவமா என்ற கேள்விக்கு என் பதில், இல்லை. காய்ச்சலில் உடம்பு கொதிப்பது எப்படிப் பாவம் இல்லையோ, அப்படியே இதுவும். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு விழிப்புத் தட்டி, பிறகு தூக்கம் வராமல், நாளின் மற்ற நேரத்தைவிட அந்த நேரத்தில் மனம் அதிகமாக இருண்டு கிடப்பது மனச்சோர்வு நோயின் நன்கு தெரிந்த அடையாளங்களில் ஒன்று. உங்கள் கடிதத்தில் அது அப்படியே இருக்கிறது. கடன் உண்மையான துன்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடன் இருக்கிற எல்லோருக்கும் நாலு மணிக்கு விழிப்பு வந்து சாவு நினைப்பு வருவதில்லை. துன்பத்தின் மேல் நோயும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நோய்க்கு மருத்துவர் உண்டு.

பக்தியில் குறையா என்று கேட்டீர்கள். இதற்குத் திருவாரூரில் பதில் இருக்கிறது. இரண்டு கண்ணும் போன சுந்தரருக்குக் காஞ்சியில் இடக்கண் திரும்பியது என்றும், வலக்கண்ணுக்காகத் திருவாரூர் வந்து நின்றார் என்றும் சொல்வார்கள். அங்கே அவர் பாடிய பதிகத்தில் கெஞ்சல் குறைவு, கோபம் அதிகம். உமக்கே ஆளாக இருக்கிறவர்கள் தங்கள் அல்லலைச் சொன்னாலும் பேசாமல் இருப்பீர் என்றால், நீரே நன்றாக வாழ்ந்து போம் என்கிறார். 'வாழ்ந்து போதீரே' என்பதை நம் ஊர்ப் பேச்சில், வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சொல்வது போல வாசித்துப் பாருங்கள். அதே பாட்டில் அடியார்களின் நிலையை 'மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தால் மிக வாடி' என்கிறார். சுடர் விட்டு எரியாத தீ. வெளியே புகைகூடத் தெரியாது, உள்ளே கனன்றுகொண்டே இருக்கும், முகம் மட்டும் வாடிக்கிடக்கும். முப்பது வருடம் நான் எதிரில் உட்கார்ந்து பார்த்த முகங்களை இதைவிடச் சரியாக எந்த மருத்துவப் புத்தகமும் எனக்குக் காட்டவில்லை. அந்த மனிதரைத்தான் சாமியின் தோழர் என்கிறோம், தம்பிரான் தோழர் என்று. பக்தி குறைந்தவர் என்று ஒருவரும் சொன்னதில்லை.

ஆகவே சந்நிதியில் நிற்கும்போது நல்ல பிள்ளையாக நிற்க வேண்டாம். "என்னால் முடியவில்லை, நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்?" என்று கேளுங்கள். கேட்கலாம். அடக்கி வைத்த கோபம் சாமியிடம் போகாவிட்டால் உங்கள் மேலேயே திரும்பும்.

நம்பிக்கை உயிரைக் காக்குமா? காக்கும், ஆனால் எல்லா நம்பிக்கையும் காப்பதில்லை. தனியாக அறைக்குள் உட்கார்ந்து, 'என் பாவத்துக்குச் சாமி தண்டிக்கிறார்' என்று நினைத்துக்கொண்டே இருக்கும் நம்பிக்கை ஆளை இன்னும் கீழே இழுக்கும். இதை ஆய்வுகளும் சொல்கின்றன, நானும் பார்த்திருக்கிறேன். நாலு பேரோடு சேர்ந்து ஓரிடத்துக்குப் போய், சேர்ந்து பாடி, சேர்ந்து சாப்பிட்டு, 'போன வாரம் ஏன் வரவில்லை?' என்று கேட்க ஆள் இருக்கிற நம்பிக்கை தாங்கிப் பிடிக்கும். நீங்கள் தினமும் கோயிலுக்குப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே யாரோடாவது பேசுகிறீர்களா என்று எழுதவில்லை. எனக்கு அதுதான் கவலை.

கணமங்கலத்துத் தாயனார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் தண்டலைச்சேரியில் கோயில் இருக்கிறது. அரிவாட்டாய நாயனார் என்பது அவர்தான். செல்வம் போய், கூலிக்கு நெல் அறுத்துப் பிழைத்து, அந்த நிலையிலும் சிவனுக்குச் செந்நெல் அரிசியும் செங்கீரையும் மாவடுவும் கொண்டுபோனவர். ஒருநாள் பசி மயக்கத்தில் தடுக்கி விழுந்தார். கொண்டுபோனதெல்லாம் வயல் வெடிப்புக்குள் சிந்திவிட்டது. இதுகூட என்னால் செய்ய முடியவில்லையே என்று அந்த நொடியில் தன்னை முடித்துக்கொள்ளத் துணிந்தார். பசி, வறுமை, உழைப்பு, கடைசியாக ஒரு சின்னத் தவறு. பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. பெரிய காரணத்தை மட்டும் தேடுபவர்களுக்கு அந்தச் சின்னத் தவறு கண்ணில் படாது.

கோடையில் நம் வயல் எப்படி வாய் பிளந்து கிடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெடிப்புக்குள்ளிருந்து ஒரு கை மேலே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டது என்கிறது பெரியபுராணம். கூடவே மாவடுவைக் கடிக்கும் 'விடேல் விடேல்' என்ற ஓசையும் கேட்டதாம். சேக்கிழார் ஓசையாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் அது 'விடாதே, விடாதே' என்றே கேட்கிறது. புலவர்கள் மன்னிக்கட்டும்.

அந்தக் கை இன்று யாருடைய கை? சாமிக்கு நம் ஊரில் மனிதக் கை தவிர வேறு கை இருந்து நான் பார்த்ததில்லை. மனைவியின் கை, டாக்டரின் கை, எதிர்முனையில் தொலைபேசியை எடுப்பவரின் கை. ஆனால் ஒன்று: வெடிப்பிலிருந்து வந்த கைக்கு அவர் மனம் தெரிந்திருந்தது. மனிதக் கைக்குச் சொன்னால்தான் தெரியும்.

உங்கள் மனைவிக்கு இன்னும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். சொன்னால் பயந்துவிடுவாள் என்கிறீர்கள். பயப்படட்டும். பயந்துபோன மனைவி பக்கத்தில் இருப்பாள். இன்னொன்றும் அவரிடம் சொல்ல வேண்டும். வயலுக்கு, தோப்புக்கு என்று வாங்கி வைத்த மருந்து வீட்டிலோ கொட்டகையிலோ இருந்தால் அது இன்றே வேறு கைக்குப் போக வேண்டும். அண்ணன் வீட்டில், பூட்டிய பெட்டியில், சாவி உங்களிடம் இல்லாமல். தேவைப்படும்போது அண்ணன் வந்து அடித்துக் கொடுக்கட்டும். சாக வேண்டும் என்ற அந்த வேகம் ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் குறுகிய நேரத்துக்குள்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாமல் இருந்ததால் உயிரோடிருந்து, பிறகு பேரப்பிள்ளை எடுத்தவர்கள் உண்டு.

மருத்துவரிடம் போனால் சாமியை விட்டதாகுமா என்று சிலர் தயங்குவார்கள். திருச்சிக்கு மேற்கே காவிரியின் வடகரையில் குணசீலம் இருக்கிறதே, பிரசன்ன வெங்கடாசலபதி கோயில். மனம் கலங்கியவர்களை அழைத்துவந்து ஒரு மண்டலம், 48 நாள், தங்க வைப்பது அங்கே பழைய வழக்கம். பூசையில் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். அதே கோயிலின் பக்கத்திலேயே அரசு உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையமும் இருக்கிறது. மனநல மருத்துவர் வந்து பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். தீர்த்தமும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று சண்டை போட்டதாகத் தெரியவில்லை. இதை மறந்தால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். பிறகு அங்கே தர்காவை ஒட்டியே அரசு மனநல சிகிச்சை வந்தது. துவாவும் வேண்டும், தவாவும் வேண்டும் என்றார்கள். பிரார்த்தனையும் மருந்தும் என்று பொருள். நாகூரிலும் யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இறைவனின் அருளில் நம்பிக்கை இழக்காதே என்று குர்ஆன் சொல்வதற்கும் மருந்து சாப்பிடுவதற்கும் எந்தப் பகையும் இல்லை.

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மகனை அழைத்துக்கொண்டு வருவார். மகன் மாத்திரையை ஒழுங்காகப் போடவே மாட்டான். ஒரு மாதம் கழித்து வந்தபோது அட்டையில் ஒன்றுகூட மிச்சமில்லை. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பூசை மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாராம். அந்தி விளக்கு ஏற்றியதும் திருநீறு, அதன் பின்னால் மாத்திரை, அதன் பின்னால்தான் சோறு. அட்டையின் வெள்ளித்தாளில் அங்கங்கே எண்ணெய் விரல் படிந்திருந்தது. அதன் பிறகு நான் பலருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தேன். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று டாக்டர் கேட்டபோது, சிவனே என்று இருந்துவிட்டேன்.

மாத்திரை என்றால் அது அன்றைக்கே வேலை செய்யாது. மனச்சோர்வுக்கான மருந்து பிடிக்க இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். சிலருக்கு இன்னும் கூடும். நீங்கள் கல்லணைக் கால்வாயின் கடைமடைக்காரர். ஜூன் 12ல் மேட்டூர் திறந்தார்கள் என்று வானொலியில் கேட்டதும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓட மாட்டீர்கள். கல்லணைக்கு வந்துசேரவே சில நாள் பிடிக்கும், உங்கள் மடைக்கு வர எத்தனை நாளோ. ஆனால் திறந்த தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்பது தெரியும். மருந்தையும் அப்படி எண்ணுங்கள். முதல் வாரத்தில் வயிற்றுப் புரட்டல், படபடப்பு வந்தாலோ, எண்ணம் அதிகமானாலோ, நீங்களாக நிறுத்தாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். தேறிவிட்டது என்று தோன்றும்போதும் நீங்களாக நிறுத்தக் கூடாது. நம் ஆட்கள் செய்யும் பெரிய தவறு அது.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் முடியாவிட்டால் பட்டுக்கோட்டை அரசு மருத்துவமனையில் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை எங்கே வருவார் என்று சொல்வார்கள். மருந்து இலவசம். போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயம் வேண்டாம். எண்ணம் வருவது என்றைக்குமே குற்றம் இல்லை. முயன்றவர்களைக்கூடக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவர்களாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

கடனைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கந்துவட்டியாக இருந்தால் அதைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் உண்டு. 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். மனம் கொஞ்சம் தெளிந்த பிறகு, கூட ஒருவரை வைத்துக்கொண்டு கணக்கைப் பாருங்கள். விடியற்காலை நாலு மணிக்குக் கடன் கணக்குப் பார்க்கக் கூடாது. அந்த நேரத்தில் எந்தக் கணக்கும் நேராகாது.

இனி, கோயிலில் என்ன செய்யலாம் என்று பார்க்கலாம். விரதத்தை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். சாப்பாடும் தூக்கமும் ஏற்கெனவே கெட்டிருக்கும்போது பட்டினி கிடப்பது உடம்புக்கு ஆகாது, மனத்துக்கும் ஆகாது. எங்கள் தெருவில் வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிற ஒரு கிறிஸ்தவக் குடும்பம் உண்டு. அவர்கள் சொல்லித்தான் எலியா தீர்க்கதரிசியின் கதை எனக்குத் தெரியும். பாலைவனத்தில் ஒரு செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள் என்று வேண்டுகிறார். வந்த தேவதூதன் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து சாப்பிடு என்கிறான். பக்கத்தில் சுட்ட அப்பமும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறார். தூதன் மறுபடி வந்து, மறுபடி சாப்பிடு என்கிறான். ஒரு ஆற்றுப்படுத்துநராக எனக்கு அந்தத் தூதனிடம் பெரிய மரியாதை.

நம் கோயில்களில் 2002ல் தொடங்கிய மதிய அன்னதானம் இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் எந்தக் கோயிலில் உண்டோ அங்கே வாரம் ஒருமுறை போய், சாப்பிட வேண்டாம், பரிமாறுங்கள். ரசம் ஊற்றும்போது இலையைத்தான் பார்க்க வேண்டும், உள்ளே பார்க்க நேரம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் உழவாரப்பணிக் குழுக்கள் வருவார்கள். பிராகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்கி, படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக் கழுவுவார்கள். உழவாரம் என்பது அப்பர் தோளில் இருந்த கருவி. அதில் சேருங்கள். இரண்டு மணி நேரம் செதுக்கியபின் திரும்பிப் பார்த்தால் நாலடி தரை சுத்தமாகத் தெரியும். இந்த நோயில் கிடப்பவருக்கு, தான் செய்த ஒன்று கண்ணுக்குத் தெரிவது சாதாரண விஷயம் இல்லை.

குருக்களிடமோ ஓதுவாரிடமோ மனம் விட்டுப் பேசலாம். நல்லவராக இருந்தால் கேட்டுக்கொள்வார், டாக்டரையும் பார் என்பார். உங்களுக்கு இந்த வயதில் கண்டம் என்று தேதி சொல்கிறவரிடமும், இத்தனை ஆயிரத்துக்குப் பரிகாரம் என்று ரசீது இல்லாமல் கேட்பவரிடமும் மட்டும் போகாதீர்கள். கடன் வாங்கிப் பரிகாரம் செய்கிற அளவுக்கு எந்தச் சாமியும் கேட்டதில்லை.

கடைசியாக, அக்கா என்று கூப்பிட்டீர்களே, அதனால் ஒன்று. திலகவதியார் கதை. தாயும் தந்தையும் போனார்கள். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் இறந்தார். அவளும் உயிரை விடத் துணிந்தாள். தம்பி, சின்னப் பையன், காலில் விழுந்து அழுதான். அவர்கள் இருவரும் போனபின் உங்களைப் பார்த்துத்தான் உயிரோடு இருக்கிறேன், என்னை விட்டுப் போனால் உங்களுக்கு முன்னால் நான் போவேன் என்றான். (குழந்தை சொன்னது, பெரியவர்கள் யாரும் யாரையும் இப்படி மிரட்டக் கூடாது.) 'தம்பியார் உளராக வேண்டும்' என்ற இரக்கத்தில் அவள் உயிரைத் தாங்கிக்கொண்டாள் என்கிறார் சேக்கிழார். அவளுடைய துயரம் தீர்ந்ததாகச் சொல்லவில்லை, கவனியுங்கள். துயரம் அப்படியே இருந்தது. தம்பி இருக்க வேண்டும் என்பதும் இருந்தது. அந்தத் தம்பிதான் பிற்பாடு அப்பர்.

நாளைக் காலை மனைவியோடு பஸ் ஏறுங்கள். எட்டு மணிக்குள் போனால் சீட்டுப் போடும் வரிசை குறைவாக இருக்கும். டாக்டர் முன்னால் வாய் வராவிட்டால் எனக்கு எழுதியதையே நீட்டுங்கள், போதும். காலையில் வெறும் வயிற்றோடு கிளம்ப வேண்டாம். சாயங்காலம் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்பதைப் பிறகு பார்க்கலாம். சாப்பிட்டேன் என்று மட்டும் எழுதினாலும் சரி.

அக்கா